கரண்ட் வைத்த பிறகு எச்சில் வற்றினால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வாய், தொண்டை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு (பேச்சுவழக்கில் ‘கரண்ட்’) எடுத்துக்கொள்கிறவர்களுக்கு எச்சில் வற்றிப்போவது குறித்துத் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கமிருந்து வந்த கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். நோய் குணமான பின்னும் விடாமல் கூட வரும் தொல்லை இது. பற்களுக்கு வரும் கேட்டை முன்யோசனை இருந்தால் தடுத்துவிடலாம் என்பதால் முதல் கேள்விக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறோம்.

அப்பாவுக்குத் தொண்டையில் கேன்சர். 35 நாள் கரண்ட் வைக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு முன் பல் டாக்டரிடம் போய் நான்கு கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். நோய் தொண்டையில் இருக்க, பல்லை எதற்கு எடுக்க வேண்டும்? சிகிச்சை தள்ளிப்போகாதா?
— வாசகி, மன்னார்குடி

சொன்னது சரி. நாளைக்கே போய் எடுத்துவிடுங்கள்.

எச்சில் சுரக்கும் பெரிய சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னும் கீழுமாக ஒரு ஜோடி, கீழ்த்தாடைக்கு அடியில் ஒரு ஜோடி, நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி. இவை போக உதடு, கன்னம், அண்ணம் என வாய் முழுக்க நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு சுரப்பிகள். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கின்றன. அப்பாவுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 2 கிரே (உடல் வாங்கும் கதிரின் அளவைச் சொல்லும் அலகு) வீதம் 35 முறை, ஏழு வாரத்தில் மொத்தம் 70 கிரே கொடுப்பார்கள். தொண்டைக்கும் கழுத்து நெறிக்கட்டிகளுக்கும் போகும் கதிர், வழியிலிருக்கும் சுரப்பிகளைத் தொடாமல் போக முடியாது. முதல் வாரத்திலேயே எச்சில் கணிசமாகக் குறைய ஆரம்பிக்கும்.

எச்சில் சோற்றை நனைக்க மட்டும் இல்லை. சாப்பிட்டதும் வாயில் உண்டாகும் அமிலத்தை அது முறிக்கிறது. கரைந்துபோகும் பல் எனாமலுக்குக் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திருப்பிக் கொடுக்கிறது, கிருமிகளையும் கழுவி இறக்குகிறது. அது இல்லாத வாயில் அமிலத்தில் வாழும் கிருமிகள் பெருகிவிடும். சாதாரண சொத்தை பல்லின் மேல்பரப்பில் குழியாக விழும். இந்தச் சொத்தை ஈறை ஒட்டிய பல்லின் கழுத்தைச் சுற்றிப் பிடிக்கும். சில மாதங்களிலேயே கழுத்து அரித்து, பல்லின் தலை அப்படியே முறிந்து விழுவதுண்டு.

இன்னொரு பக்கம், கதிர் பட்ட தாடையெலும்பில் சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. கீழ்த்தாடைக்கு ஏற்கெனவே ரத்த ஓட்டம் மேல்தாடையைவிடக் குறைவு. அப்படிப்பட்ட எலும்பில் பிறகு பல்லைப் பிடுங்கினால் குழி மூடாமல், எலும்பு வெளியே தெரிந்து, மெல்ல மெல்லச் செத்துப்போகலாம். 60 கிரேவுக்கு மேல் வாங்கிய இடத்தில் ஆபத்து அதிகம், வருடங்கள் ஓடினாலும் அது தீராது. அதனால்தான் ஆழமான சொத்தை, வேரில் சீழ், ஆடும் பல், பாதி முளைத்து நிற்கும் ஞானப்பல் எல்லாவற்றையும் கதிர் படுவதற்கு முன்பே எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

பல் எடுத்ததற்கும் முதல் கரண்டுக்கும் நடுவில் குறைந்தது 10 முதல் 14 நாள் வேண்டும். மூன்று வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. முகத்துக்கு மாஸ்க் செய்வது, சி.டி. ஸ்கேன் எடுப்பது, கணினியில் திட்டம் போடுவது ஆகியவற்றுக்கு எப்படியும் சில நாள் ஆகும் என்பதால், இன்றே பல்லை எடுத்தால் பெரும்பாலும் சிகிச்சை தள்ளிப்போகாது. நீங்கள் யோசித்துக்கொண்டே ஒரு வாரத்தைக் கழித்தால்தான் தள்ளிப்போகும்.

எடுக்க வேண்டிய பற்கள் எல்லாவற்றையும் முடிந்தவரை ஒரே தடவையில் எடுக்கச் சொல்லுங்கள். கூரான எலும்பு ஓரங்களைத் தேய்த்துத் தையல் போட்டுவிட்டால் சீக்கிரம் ஆறும். அப்பா ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிட்டாலோ, சர்க்கரை இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மிச்சமிருக்கும் நல்ல பற்களுக்குச் சுத்தம் செய்து, சின்னச் சொத்தைகளை அடைத்து, ஃபுளோரைடு தட்டு செய்ய அளவும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது எதற்கு என்று கீழே வேறொரு பதிலில் வருகிறது.

முதல் நாள் கரண்ட் வைத்துவிட்டு வந்த இரவே என் கணவருக்கு இரண்டு காதுக்கும் கீழே வீங்கிவிட்டது. பொன்னுக்கு வீங்கி மாதிரி இருக்கிறது. நோய் பரவிவிட்டதா?
— வாசகி, திருத்துறைப்பூண்டி

பரவவில்லை, பயப்படாதீர்கள். கதிர் பட்ட சுரப்பியில் வரும் அழற்சி இது. முதல் தவணை முடிந்து சில மணி நேரத்தில் வரும். தொட்டால் வலிக்கும், வாய் காயும், இரண்டொரு நாளில் தானாக வடிந்துவிடும். டாக்டரிடம் சொல்லிவிட்டுப் பாராசிட்டமால் போடலாம். பொன்னுக்கு வீங்கிக்குப் போடுவதுபோல மஞ்சள் பத்து, வேப்பிலை அரைத்துப் பூசுவது எதுவும் அங்கே கூடாது. கதிர் வாங்கும் தோல் இன்னும் சில வாரத்தில் தானே கருத்து உரியப் போகிறது, அதன்மேல் பத்து போட்டால் புண்ணாகும். காய்ச்சல் வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் சிவந்து வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ உடனே காட்டுங்கள்.

ஐ.எம்.ஆர்.டி. என்ற முறையில் வைத்தால் எச்சில் போகாது என்கிறார்கள். தென்னந்தோப்பை அடகு வைத்தாவது அதைச் செய்யலாமா?
— வாசகர், பட்டுக்கோட்டை

எச்சில் போகவே போகாது என்று யாராவது சொல்லியிருந்தால் அது மிகை. நல்ல பலன் உண்டு என்பது உண்மை. பிரிட்டனில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், பழைய முறையில் சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டு கழித்தும் குறிப்பிடத்தக்க வாய் வறட்சியோடு இருந்தவர்கள் 74 சதவீதம். ஐ.எம்.ஆர்.டி. பெற்றவர்களில் அது 38 சதவீதம். இந்த முறையில் கதிரின் அடர்த்தியைப் பல கோணங்களில் கூட்டிக் குறைத்து, காதோரச் சுரப்பி வாங்கும் சராசரி அளவை 26 கிரேவுக்குள் நிறுத்தப் பார்க்கிறார்கள். ஒரு பக்கச் சுரப்பியையாவது 20 கிரேவுக்குள் காப்பாற்றினால் அதுவே பெரிய லாபம்.

ஆனால் கட்டி அந்தச் சுரப்பியை ஒட்டியே இருந்தால் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது, நோய் தங்கிவிடும். இன்னொன்று, காதோரச் சுரப்பி முக்கியமாகச் சாப்பிடும்போது வேலை செய்வது. சும்மா இருக்கும்போதும் இரவிலும் வாயை நனைப்பது பெரும்பாலும் தாடைக்கு அடியில் உள்ள சுரப்பி. அது பல நேரம் கதிரின் பாதையிலேயே இருக்கிறது. அதனால்தான் நவீன முறையில் வைத்துக்கொண்டவர்களும் இரவில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்கிறார்கள்.

தோப்பில் கை வைப்பதற்கு முன் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழோடு மருத்துவமனையில் உள்ள முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பிரிவுக்குப் போங்கள். கதிர்வீச்சு அந்தத் திட்டத்தில் வருகிறது. உங்களுக்குத் தேவையான முறை எந்த மருத்துவமனையில் திட்டத்தின்கீழ் கிடைக்கும் என்று அங்கேயே கேளுங்கள். இயந்திரத்தைத் தேடி ஆரம்பத்தை மாதக்கணக்கில் ஒத்திப்போடுவது மட்டும் வேண்டாம். ஆரம்பித்த பிறகு திருவிழா, அறுவடை, நடவு என்று நடுவில் நிறுத்துவதும் ஆகாது. இடையில் விடுபடும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது.

மூன்றாவது வாரம் நடக்கிறது. எச்சில் பசை மாதிரி கெட்டியாகிவிட்டது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ராத்திரியில் குமட்டி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்.
— வாசகி, பாபநாசம்

தண்ணீர் போன்ற எச்சிலைத் தரும் செல்கள்தான் கதிரில் முதலில் அடிபடுகின்றன. கொழகொழப்பைத் தரும் செல்கள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் குறைந்து கொழகொழப்பு மட்டும் மிஞ்சுவதால்தான் நூல் மாதிரி இழுக்கிறது. சளி என்று நினைத்துக் கடையில் அவில், செட்ரிசின் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இருக்கும் ஈரத்தையும் அவை வற்றவைக்கும்.

ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, அதில் பாதி அளவு உப்பு. இதுதான் மருந்து. பேக்கிங் பவுடர் வேறு, சலவைச் சோடா வேறு, இரண்டும் கூடாது. வாயில் ஊற்றி, கொப்பளித்துத் துப்பிவிட்டு, வெறும் தண்ணீரால் ஒருமுறை கொப்பளிக்க வேண்டும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், படுக்கும் முன்பும், இரவில் விழிப்பு வந்தால் அப்போதும். சாப்பாட்டுக்கு முன் செய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பசை படிந்த வாயில் சோறு எடுத்தால்தான் அந்தக் குமட்டல் வருகிறது. கரைசலைத் தினம் புதிதாகக் கலக்குங்கள். கடையில் விற்கும் காரமான, ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டவே வேண்டாம்.

தலைமாட்டை உயர்த்திப் படுக்கவையுங்கள். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் படக் கூடாது. படுக்கைக்குப் பக்கத்தில் துப்ப ஒரு கிண்ணம், ஈரத் துணி, தண்ணீர் இருக்கட்டும். டாக்டர் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லாதவரை நாளெல்லாம் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் ஏறுகிறது என்றால் இது மிக முக்கியம். அந்த மருந்து வரும்போது உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் கெட்டுப்போகும்.

துடைத்தால் உரிந்து வரும் வெள்ளைப் படலம், அல்லது நாக்கு ரத்தச் சிவப்பாகி எரிச்சல், இரண்டும் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அடுத்த பரிசோதனை வரை காத்திராமல் காட்டுங்கள். குளோட்ரிமசோல் சொட்டு மருந்தோ ஃப்ளூகோனசோல் மாத்திரையோ எழுதுவார்கள். மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கக் கூடாது, அது வேறு பல மருந்துகளோடு மோதும். தண்ணீர் கூட இறங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, காய்ச்சல், மூச்சுவிடச் சிரமம் என்றால் அன்றைக்கே மருத்துவமனை.

ஆறு மாதம் ஆயிற்று, இன்னும் எச்சில் ஊறவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தைராய்டு கேன்சருக்கு மருந்து கொடுத்தபோது எலுமிச்சம்பழம் சப்பச் சொன்னார்களாம். நானும் அப்படியே செய்கிறேன். சரிதானா?
— வாசகி, மயிலாடுதுறை

உடனே நிறுத்துங்கள் அம்மா. அவருக்குக் கொடுத்தது கதிர் அயோடின். வாய் வழியாகச் சாப்பிடும் அந்த அயோடின் எச்சில் சுரப்பியிலும் போய்த் தங்கும். அதை வெளியேற்றச் சில நாளைக்கு மட்டும், டாக்டர் சொல்லும் நேரத்தில் புளிப்பு கொடுப்பது வழக்கம். அவருடைய வாயில் எச்சில் உண்டு, புளிப்பை அது முறித்துவிடும். உங்கள் வாயில் முறிக்க ஆளில்லை. வாயின் அமிலக் காரக் குறியீடு (pH; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்தால் அது அதற்கும் முன்னாலேயே கரையும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி இருக்கிறது. நெல்லிக்காய், மாங்காய் வத்தல், புளி மிட்டாய் எல்லாம் அதே கணக்குதான். வாயில் எதையாவது போட்டுக்கொண்டே இருக்கலாம் என்று கமர்கட்டையும் பனங்கற்கண்டையும் ஒதுக்கி வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அது சொத்தைக்குத் தீனி போடுவது.

பதிலுக்குச் சர்க்கரையில்லாத, சைலிட்டால் சேர்த்த சூயிங்கம் மெல்லலாம். சுரப்பியில் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தால் மெல்லும் வேலையே அதைத் தூண்டும். கார்பாக்ஸி மெத்தில் செல்லுலோஸ் கலந்த செயற்கை எச்சில் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. சாப்பிடும் முன்னும் படுக்கும் முன்னும் சில சொட்டு விட்டு நாக்கால் கன்னமெங்கும் தடவிக்கொள்ளுங்கள். அதன் ஈரம் அதிக நேரம் நிற்காது, அடிக்கடி விட வேண்டியிருக்கும். இரவில் அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெயை உள்கன்னத்திலும் உதட்டிலும் பூசிக்கொள்வது பலருக்குச் சுகம் தருகிறது. பூசுவதோடு நிறுத்துங்கள், வாய் நிறைய எண்ணெய் ஊற்றிக் கொப்பளித்தால், விழுங்கும் திறன் பழுதான தொண்டையில் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும்.

பைலோகார்பின் என்ற மாத்திரை உண்டு. வழக்கமாக 5 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை. மிச்சமிருக்கும் சுரப்பியை அது தட்டி எழுப்பும். முழுக்க அழிந்த சுரப்பியில் வேலை செய்யாது. பலன் தெரிய 12 வாரம்கூட ஆகலாம் என்பதால் இரண்டு வாரத்தில் கைவிட்டுவிடாதீர்கள். வேர்வை நிறைய வரும், சிறுநீர் அடிக்கடி போகும். சித்திரை, வைகாசி வெயிலில் நம் பக்கத்தில் இதைச் சாப்பிடுகிறவர்கள் தண்ணீரைக் கூடுதலாகக் குடிக்க வேண்டும். கட்டுப்படாத ஆஸ்துமா, கண்ணில் குறுகிய கோணக் கிளாக்கோமா இருப்பவர்களுக்குக் கூடாது. இதயநோய் இருந்தால் டாக்டர் யோசித்துத்தான் கொடுப்பார். நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் மாதிரியான மாத்திரைகளும் வாயை உலர்த்தும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

ஆறு மாதத்தில் நம்பிக்கை இழக்க வேண்டாம். காதோரச் சுரப்பி தப்பித்திருந்தால் ஒன்று, இரண்டு வருடம் வரைக்கும் மெல்ல மெல்ல எச்சில் கூடும்.

சோறு தொண்டையில் இறங்கவில்லை. ருசியும் தெரியவில்லை. என்ன சமைத்துக் கொடுப்பது?
— வாசகி, ஒரத்தநாடு

வாயில் இல்லாத ஈரத்தைத் தட்டில் சேர்க்க வேண்டும். குழைய வடித்த சோற்றைக் கெட்டி மோரிலோ பருப்புத் தண்ணீரிலோ தளரப் பிசையுங்கள். இடியாப்பத்தைச் சர்க்கரை போடாத தேங்காய்ப்பாலில் ஊறவிட்டுக் கொடுக்கலாம். பழைய சோற்றை நீராகாரத்தோடு மிக்ஸியில் ஓர் அடி அடித்தால் இறங்கும்; கூடச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் கீமோவும் ஓடினால், ரத்த அணுக்கள் குறையும் நாட்களில் பழையதைத் தவிர்த்து, அன்றன்றைக்கு வடித்த கஞ்சியே கொடுங்கள். ரசத்தில் புளியையும் மிளகையும் பாதிக்கும் கீழே குறைத்து, பருப்பைக் கூட்டுங்கள்.

எடை இறங்குவதுதான் எங்களுக்குக் கவலை. வாரம் ஒருமுறை ஒரே தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். கஞ்சியை மட்டும் கொடுத்தால் வயிறு நிறையும், சதை கரையும். அவித்த முட்டையை மசித்துக் கஞ்சியில் கலக்கலாம். பாசிப்பருப்பும் நெய்யும் ஒவ்வொரு வேளையும் வேண்டும். மீன் சாப்பிடுகிறவர் என்றால் முள் குறைந்த மீனைக் காரமில்லாமல் அவித்து உதிர்த்து, குழம்புத் தண்ணீரோடு கொடுங்கள். முறுக்கு, தட்டை, ரொட்டி ஓரம், வறுவல் புண்ணைக் கீறிவிடும். காபியை அடியோடு விடச் சொல்லவில்லை. இரண்டு வேளை, ஆறவைத்து, சர்க்கரையில்லாமல் போதும். ருசி பெரும்பாலும் சில மாதங்களில் திரும்ப ஆரம்பிக்கும், சிலருக்கு ஒரு வருடம் ஆகும்.

புகையிலையை விட்டுவிட்டார். வெறும் வெற்றிலை சீவல் போட்டால் எச்சில் ஊறுகிறது என்கிறார். போட விடலாமா?
— வாசகி, சுவாமிமலை

போட விடக் கூடாது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகையில் சேர்த்திருக்கிறது. ஒருமுறை கேன்சர் வந்த வாயில் இன்னொன்று வரும் அபாயம் ஏற்கெனவே இருக்கிறது. பாக்கு, கன்னத்தின் உள்சதையை இறுக்கி வாயைத் திறக்கவிடாமல் செய்யும். கதிர்வீச்சும் அதையேதான் செய்யும். இரண்டும் சேர்ந்தால் பல் தேய்க்கக்கூட வாய் திறக்காது. அவருடைய மூன்று விரல்களைச் செங்குத்தாக வாயில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் வாய் திறக்கும் பயிற்சியை இப்போதே மருத்துவமனையில் கேட்டு ஆரம்பிக்க வேண்டும். சுண்ணாம்பும் பாக்கும் இல்லாத வெறும் வெற்றிலையிலேயே நிற்கும் என்று நாங்கள் நம்பவில்லை. வெற்றிலைச் செல்லத்தை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

கரண்ட் முடிந்து இரண்டு வருடம். கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கிறது. ஊரிலேயே ஒரு பல் மருத்துவர், ஐந்து நிமிடத்தில் பிடுங்கிவிடலாம் என்கிறார்.
— வாசகர், வேதாரண்யம்

பிடுங்க விடாதீர்கள். கதிர்வீச்சு வாங்கியதை அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அவரே தயங்கியிருப்பார். முதலில் உங்களுக்குச் சிகிச்சை கொடுத்த துறையில் போய், தாடையின் அந்த இடம் எத்தனை கிரே வாங்கியது என்று எழுதி வாங்குங்கள். பல்லின் தலை உடைந்திருந்தாலும் வேர் சிகிச்சை செய்து, வேரை உள்ளேயே விட்டு மூடிவிட முடியும். பெரும்பாலும் அதுதான் பாதுகாப்பு. எடுத்தே ஆக வேண்டுமென்றால் பல் மருத்துவக் கல்லூரியிலோ பெரிய மருத்துவமனையின் முகத்தாடை அறுவைப் பிரிவிலோ, ஒரு பல்லாக, எலும்பை அதிகம் காயப்படுத்தாமல், ஆன்டிபயாடிக் பாதுகாப்போடு எடுப்பார்கள். எடுத்த பிறகு குழி ஆறும் வரை விடாமல் காட்ட வேண்டும். எலும்பு வெளியே தெரிவது, நாற்றம், உதட்டு மரப்பு, கன்னத்தில் சீழ் வடியும் துளை ஆகியவை எலும்பு செத்துப்போவதன் அறிகுறிகள்.

மற்றப் பற்களைக் காக்க ஃபுளோரைடு. சாதாரண பற்பசையில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 1000 பங்கு ஃபுளோரைடு இருக்கும். உங்களுக்கு வேண்டியது பல் மருத்துவர் எழுதித் தரும் 5000 பங்கு உள்ளது. உங்கள் பல் அளவுக்குச் செய்த தட்டில் ஃபுளோரைடு ஜெல்லை மெல்லிய கோடாக விட்டு, இரவில் பல் தேய்த்த பிறகு 5 முதல் 10 நிமிடம் மாட்டிக்கொண்டு, எச்சத்தைத் துப்பிவிட வேண்டும். அதற்குப் பின் அரை மணி நேரம் கொப்பளிப்பதோ குடிப்பதோ கூடாது. படுக்கப் போகும்போது செய்தால் இந்த விதி தானாகவே நிறைவேறிவிடும். தினமும், ஆயுள் முழுக்க. தட்டு இல்லாவிட்டால் பிரஷ்ஷிலேயே தேய்த்துத் துப்பலாம். மென்மையான பிரஷ் போதும். பல்பொடி, கரி, வேப்பங்குச்சி வெளியே தெரியும் வேரைத் தேய்த்துவிடும். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரைப் பாருங்கள். வலி வந்த பிறகு போனால் தாமதம்.

அம்மாவுக்கு எல்லாப் பல்லும் எடுத்தாயிற்று. பல் செட் எப்போது மாட்டலாம்?
— வாசகர், நாகப்பட்டினம்

கதிர்வீச்சு முடிந்து குறைந்தது ஆறு மாதம், பலருக்கு ஒரு வருடம் பொறுக்க வேண்டும். அதற்கு முன் ஈறு மெல்லியதாக இருக்கும், செட் உரசினால் புண்ணாகி எலும்பு வரை போகலாம். எச்சில் இல்லாததால் மேல் செட் ஒட்டி நிற்காது, செயற்கை எச்சிலால் அதை நனைத்து மாட்ட வேண்டும். இரவில் கழற்றிச் சுத்தம் செய்து தண்ணீரில் போட்டுவைக்கட்டும். மாட்டிய முதல் வாரங்களில் ஈறில் சின்னச் சிவப்பு தெரிந்தாலும் கழற்றிவிட்டுக் காட்டி, அந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்த பிறகே திரும்ப மாட்ட வேண்டும்.